மதுரையில இருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்: வீட்ல உக்காந்தே கணக்கு போடுறது எப்படி

தம்பி அங்கிட்டு கலிஃபோர்னியாவுல வேலைக்கு சேந்ததுல இருந்து எங்க வீட்ல ஒரே கேள்விதான், அம்மா கேக்கும், அக்கா கேக்கும், பக்கத்து வீட்டு ஆச்சி கூட கேக்கும், "எத்தன மணி நேரம்ப்பா உக்காந்தே போகணும்?" நான் ஒருநாள் 15 மணி நேரம்னுவேன், இன்னொரு நாள் 20ம்பேன், டிக்கெட்ட பாத்தா வேற ஏதோ கணக்கு. மூணு தடவ அம்மாவ அனுப்பி கூட்டியாந்த பெறகுதான் எனக்கே ஒழுங்கா புடிபட்டுச்சு. தூரம் வேற, பறக்குற நேரம் வேற, வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஆகுற நேரம் வேற. மூணையும் போட்டு கொழப்பிக்கிட்டாதான் ரோதனை. இதுல சான் பிரான்சிஸ்கோவ வச்சு சொல்றேன், உங்க புள்ளைங்க டொரன்டோவுல இருந்தாலும் மெல்போர்ன்ல இருந்தாலும் இதே முறைதான்.

மொதல்ல எந்த ஏர்போர்ட்டுன்னு முடிவு பண்ணுங்க

ஊர் பேர வச்சு தூரம் பாக்காதீங்க, ஏர்போர்ட்ட வச்சு பாருங்க. எல்லா ஏர்போர்ட்டுக்கும் மூணெழுத்து கோடு இருக்கு, நம்ம மதுரை பெருங்குடி ஏர்போர்ட்டுக்கு ஐஎக்ஸ்எம், சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்எஃப்ஓ. தம்பி இருக்குற பக்கமே சான் ஹோசே, ஓக்லண்ட்னு இன்னும் ரெண்டு ஏர்போர்ட் இருக்கு, கோடு மாறுனா எறங்குற எடமே மாறிப் போகும்.

அடுத்து ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை, தீர்க்கரேகை வேணும். போன்ல கூகுள் மேப்ஸ்ல ரன்வே மேல விரல வச்சு அழுத்திப் புடிச்சா நம்பர் வந்துரும். மதுரை: வடக்கு 9.83, கிழக்கு 78.09. சான் பிரான்சிஸ்கோ: வடக்கு 37.62, மேற்கு 122.38. மேற்குன்னா மைனஸ் போடணும், இத மறந்தீங்கன்னா கணக்கு உங்கள சீனாவுல கொண்டு போய் எறக்கி விட்டுரும்.

நூல் வச்சு அளக்குறது

கணக்குக்கு முன்னாடி இத பண்ணிப் பாருங்க. புது மண்டபத்துல கடைங்க இருந்த காலத்துல அக்கா மகளுக்கு வாங்குன குளோப் ஒண்ணு வீட்ல கெடந்துச்சு. அம்மா பூ கட்டுற நூல்ல மூணு முழம் வெட்டி, மொதல்ல குளோப்போட இடுப்ப சுத்தி அளந்தோம், 94 சென்டிமீட்டர். பூமியோட சுத்தளவு 40,000 கிலோமீட்டர் சொச்சம், அப்ப ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர். அப்புறம் நூலோட ஒரு முனைய மதுரையில வச்சு நான் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டேன், இன்னொரு முனைய சான் பிரான்சிஸ்கோவுல வச்சு அக்கா மக இழுத்தா. நூல் தொளதொளன்னு இருக்குற வரைக்கும் அது பசிபிக் கடல்ல அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு, விறைப்பா இழுத்த உடனே தானா வழுக்கிக்கிட்டு மேல ஏறிருச்சு. நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கான்னு போய் கனடா கரையோரமா கீழ எறங்குது. "அமெரிக்கா போறதுக்கு எதுக்குடா காத்மாண்டு பக்கம் போவுது?"ன்னு அம்மா கேட்டுச்சு. நியாயமான கேள்விதான், சுவத்துல மாட்டுற மேப்ப பாத்தே வளந்த நமக்கு அமெரிக்கான்னா இடது பக்கம், அம்புட்டுதான். உருண்டை மேல கிட்டக்க உள்ள வழி வடக்கால ஏறித்தான் போகும். மதுரையில இருந்து கெளம்புற திசைய கணக்கு போட்டா நேர் வடக்குல இருந்து கிழக்கு பக்கமா 21 டிகிரி மட்டுந்தான் சாஞ்சிருக்கு, வடக்க 69 டிகிரிக்கு மேல வரைக்கும் ஏறிட்டுதான் எறங்குது.

நூல அளந்தா 33 அரை சென்டிமீட்டர். 425ஆல பெருக்குனா 14,200 சொச்சம். பூ நூல வச்சு இந்த அளவுக்கு கிட்டக்க வந்ததே பெருசு.

இப்ப கணக்கு

பிளஸ் டூவுல சைன் காஸ் படிச்சது எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இந்தா பதில். சூத்திரம் இதுதான், இதுல வர்ற விடை, பூமியோட மையத்துல இருந்து பாத்தா ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குற கோணத்தோட காஸ்:

சைன்(9.83) × சைன்(37.62) + காஸ்(9.83) × காஸ்(37.62) × காஸ்(தீர்க்கரேகை வித்தியாசம்)

தீர்க்கரேகை வித்தியாசம் 78.09ல இருந்து மைனஸ் 122.38ஐ கழிக்கணும், அதாவது கூட்டணும், 200.47 வருது. 180ஐ தாண்டிட்டா 360ல இருந்து கழிச்சிருங்க, 159.53. இது 180க்கு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு பாருங்க, கிட்டத்தட்ட நம்மளுக்கு நேர் அந்தப் பக்கம்.

மொத பாதி 0.1042. ரெண்டாவது பாதி மைனஸ் 0.7312. கூட்டுனா மைனஸ் 0.6270. இதோட காஸ் இன்வர்ஸ் போட்டா 128.83 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர், அப்ப 128.83 × 111.2 = 14,326 கிலோமீட்டர். மைல்ல சொன்னா 8,900, பைலட்டுங்க பேசுற நாட்டிக்கல் மைல்ல 7,735 (ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர்). சில தளத்துல மைல்னு போட்டுட்டு எந்த மைல்னு சொல்லாம விட்டுருவாங்க, ஒரே தூரத்துக்கு ரெண்டு நம்பர் பாத்தா சண்டை போடாதீங்க, இதுதான் காரணமா இருக்கும்.

போன் கால்குலேட்டர்ல போடுறவங்க அது டிகிரியில இருக்கா ரேடியன்ல (கோணத்த அளக்குற இன்னொரு அலகு) இருக்கான்னு பாத்துக்கங்க, டிகிரிதான் வேணும். எக்ஸெல்ல போட்டா அது ரேடியன் மட்டுந்தான் எடுக்கும், அதனால டிகிரிய ரேடியனா மாத்திட்டு போட்டு, கடைசியா வர்றத 6371ஆல பெருக்கணும், அது பூமியோட ஆரம். நான் மொத தடவ மாத்தாம அப்படியே போட்டுட்டு, வந்த நம்பர பாத்து சூத்திரமே தப்புன்னு நெனச்சு அரை நாள் வீணாக்குனேன். ஒரு சோதனை இருக்கு: பூமியில எந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல பூமியோட சுத்தளவுல பாதிக்கு, அதாவது 20,000 சொச்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கவே முடியாது. அதுக்கு மேல வந்தா எங்கயோ கோட்ட விட்டுட்டீங்க.

கணக்கே வேணாம்னா கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்ஸ தொறந்து ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணி தூரம் அளக்குற ஆப்ஷன எடுத்தா முடிஞ்சுச்சு. ஆனா ஒரு தடவ கையால போட்டுப் பாத்தவனுக்குதான் அந்தக் கோடு ஏன் வளையுதுன்னு புரியும்.

ஆனா அந்த 14,326ல எந்த ஃபிளைட்டும் போகாது

மதுரையில இருந்து நேரா அமெரிக்காவுக்கு ஃபிளைட் கெடையாது. நம்ம ரன்வே 2,285 மீட்டர், அதாவது 7,500 அடி. வயிறு முட்ட எரிபொருள் ரொப்பிக்கிட்டு 15 மணி நேரம் பறக்குற பெரிய விமானம் எந்திரிக்க அது பத்தாது. 12,500 அடிக்கு நீட்டிக்கணும்னு வருஷக்கணக்கா பேச்சு ஓடுது, நடக்கட்டும், அதுவரைக்கும் ஒரு எடத்துல எறங்கி ஏறித்தான் ஆகணும். எங்க எறங்குறோமோ அத வச்சு தூரம் மாறும்.

சிங்கப்பூர் வழியா போனா 3,010 கிலோமீட்டரும் அங்க இருந்து 13,590ம், மொத்தம் 16,600. துபாய் வழியா 2,950ம் 13,040ம், மொத்தம் 15,990. டெல்லி வழியா 2,085ம் 12,370ம், மொத்தம் 14,455. டெல்லிய கவனிங்க, நேர்கோட்ட விட 130 கிலோமீட்டர்தான் கூட. நம்ம நூல் வடக்கால போச்சுல்ல, டெல்லி கிட்டத்தட்ட அந்த வழியிலயே இருக்கு. துபாய் மேற்கால, சிங்கப்பூர் கிழக்கால, ரெண்டும் சுத்து.

அப்ப டெல்லிதான் சீக்கிரம்னு முடிவு கட்டிறாதீங்க. இங்கதான் விஷயமே இருக்கு. ஏர் இந்தியா 2015 டிசம்பர்ல டெல்லி–சான் பிரான்சிஸ்கோ நேர் ஃபிளைட் விட்டப்ப அட்லான்டிக் வழியா ஓட்டுனாங்க, சுமார் 13,900 கிலோமீட்டர், 16 மணி நேரத்துக்கு மேல. 2016 அக்டோபர்ல பசிபிக் வழியா திருப்புனாங்க. தூரம் 15,300 கிலோமீட்டர், 1,400 கிலோமீட்டர் கூடிப்போச்சு, ஆனா நேரம் பதினாலரை மணியா கொறைஞ்சிருச்சு. தூரம் கூடுச்சு, நேரம் கொறைஞ்சுச்சு. எல்லாம் காத்து பண்ற வேலை. 30,000 அடிக்கு மேல மேற்குல இருந்து கிழக்கால ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஆறு மாதிரி ஓடுது, குளிர்காலத்துல ஜப்பான் பக்கம் ரொம்ப பலமா இருக்கும். அதோட போனா அது தள்ளி விடும், எதுத்துப் போனா இழுத்துப் புடிக்கும். வைகையில தண்ணி வர்றப்ப இக்கரையில இருந்து அக்கரைக்கு நீந்துனவனுக்கு இத விளக்க வேண்டியதில்ல.

இன்னொன்னு, ஆகாயத்துலயும் கேட்டு போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. 2022ல இருந்து ரஷ்யா வான்வெளி அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனி விமானங்களுக்கு கெடையாது. 2025 ஏப்ரல்ல இருந்து பாகிஸ்தான் வான்வெளிய நம்ம நாட்டு விமானங்களுக்கு மூடிட்டாங்க. அப்புறம் திபெத் மேட்டு நிலம், கீழ தரையே அவ்வளவு ஒசரம், கேபின்ல காத்தழுத்தம் போச்சுன்னா விமானத்த 10,000 அடிக்கு எறக்கணும், அங்க எறக்க எடம் ஏது, மலைதான் இருக்கு. அதனால நூல் காட்டுற வழி ஒண்ணு, விமானம் போற வழி ஒண்ணு.

பறக்குற நேரத்த மனக்கணக்கா போட

கிலோமீட்டர 850ஆல வகுங்க, வர்ற மணியோட அரை மணி கூட்டுங்க. அந்த அரை மணி ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, எறங்குறதுக்கு. பெரிய விமானம் மேல போனா 900 கிட்ட போகும், ஆனா முழுக்க அதே வேகம் இல்ல. அப்புறம் நெடுந்தூரத்துக்கு, கிழக்கால போனா ஒரு மணி கொறைங்க, மேற்கால வந்தா ஒரு மணி கூட்டுங்க.

சிங்கப்பூர்ல இருந்து 13,590ஐ வகுத்தா 16, அரை கூட்டுனா பதினாறரை. போறப்ப பதினஞ்சரை கிட்ட, திரும்பி வர்றப்ப 17, பதினேழரை. டிக்கெட்டோட ஒத்துப் பாருங்க, கிட்டத்தட்ட வரும். சின்ன தூரத்துக்கு இது அவ்வளவா ஒத்து வராது, மதுரை–சென்னை ஆகாய தூரம் 420 கிலோமீட்டர்தான், ஆனா ஒண்ணேகால் மணிக்கு கொறையாம போட்டுருப்பாங்க, ஏன்னா அதுல பாதி நேரம் ஏறுறதும் எறங்குறதுமே, அதுலயும் ரெக்கையில காத்தாடி வச்ச ஏடிஆர் வந்துச்சுன்னா அது ஓடுறதே 500 வேகத்துலதான்.

கடிகாரத்துலதான் எல்லாரும் விழுவாங்க

டிக்கெட்ல போட்டிருக்குற நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கெளம்புறது மதுரை மணி, எறங்குறது சிங்கப்பூர் மணி, மறுபடி எறங்குறது அமெரிக்கா மணி. ஒண்ணுல இருந்து இன்னொன்ன கழிச்சா குப்பைதான் வரும். ஒரு உதாரணம் பாருங்க, நேரம் நானா போட்டது. சிங்கப்பூர்ல செவ்வாக்கிழமை காலையில 9:40க்கு கெளம்புது, சான் பிரான்சிஸ்கோவுல அதே செவ்வாக்கிழமை காலையில 9:55க்கு எறங்குது. டிக்கெட்ட மட்டும் பாத்தா கால் மணி நேரத்துல அமெரிக்கா! நெசத்துல 15 மணி 15 நிமிஷம். ரெண்டு ஊருக்கும் கோடையில சரியா 15 மணி வித்தியாசம், நடுவுல தேதிக்கோட்ட தாண்டுறோம், அதான். குளிர்காலத்துல வித்தியாசம் 16 ஆயிரும், அப்ப அதே ஃபிளைட் 8:55க்கு எறங்கும், கெளம்புனதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துரும்.

மனப்பாடமா வச்சுக்க வேண்டியது: சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி முன்னாடி, துபாய் ஒன்றரை மணி பின்னாடி. சான் பிரான்சிஸ்கோ மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமையில இருந்து நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை வரைக்கும் நம்மள விட பன்னெண்டரை மணி பின்னாடி, மத்த மாசத்துல பதிமூணரை.

இதுக்கு ஒரே மருந்து, ஒரு கோடு போட்ட பேப்பர எடுத்து எல்லாத்தையும் மதுரை மணியில எழுதுங்க. நான் அம்மாவுக்கு எழுதிக் கொடுக்குறது இப்படித்தான்:

திங்கள் ராத்திரி 7:00 – அண்ணா நகர் வீட்ல இருந்து கெளம்புறோம்
திங்கள் ராத்திரி 10:55 – மதுரையில ஃபிளைட் ஏறுது
செவ்வாய் விடியக்காலம் 3:15 – சிங்கப்பூர் (அங்க 5:45)
செவ்வாய் காலையில 7:10 – அடுத்த ஃபிளைட் (அங்க 9:40)
செவ்வாய் ராத்திரி 10:25 – சான் பிரான்சிஸ்கோ (அங்க செவ்வாய் காலை 9:55)
புதன் ராத்திரி 12:55 – தம்பி வீடு

திங்கள் ஏழு மணியில இருந்து புதன் 12:55 வரைக்கும் எண்ணுங்க, 29 மணி 55 நிமிஷம். அதுல பறக்குறது 19 மணி 35 நிமிஷந்தான். மிச்சம் 10 மணி 20 நிமிஷம் காத்துக் கெடக்குறதும், வரிசையில நிக்கிறதும், கார்ல போறதும். "எத்தன மணி நேரம்?"னு கேட்டா இனிமே 30ன்னு சொல்லுங்க, அதுதான் ஒடம்புக்கு தெரியுற நேரம்.

அந்த 10 மணி நேரத்தக் கொறைக்கப் பாக்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வெளிநாட்டு ஃபிளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போயிரணும், வடகரையில இருக்குறவங்க ஆத்த தாண்டி வரணும், சித்திரைத் திருவிழா நேரமா இருந்தா, அதுலயும் அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குன்னா, கோரிப்பாளையம் பக்கமே நெனச்சுப் பாக்காதீங்க, ரிங் ரோட்ட சுத்திப் போங்க. சென்னை வழியா போறவங்க ராத்திரி ரயில்ல போனா எழும்பூர் வரைக்கும் போக வேணாம், தாம்பரத்துல எறங்கி மின்சார ரயில்ல திரிசூலம் போனா ஏர்போர்ட் எதுத்தாப்ல.

ரெண்டாவது, ரெண்டு ஃபிளைட்டும் ஒரே டிக்கெட்டுல இருக்கான்னு பாருங்க. இத மட்டும் அழுத்திச் சொல்லுவேன். தனித்தனியா எடுத்தா வெல கொறையும், ஆனா நடுவுல பெட்டிய நாமளே எடுத்து, இமிகிரேஷன் தாண்டி வெளிய போய், மறுபடி செக்கின் பண்ணணும், அதுக்கு அந்த நாட்டுக்குள்ள நொழைய அனுமதி வேணும். மொத ஃபிளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்காரன் நமக்கு பதில் சொல்ல மாட்டான். நாலு மணி நேர இடைவெளி ஒரே டிக்கெட்டுன்னா தாராளம், தனி டிக்கெட்டுன்னா நெஞ்சு படபடப்புதான். வயசானவங்கன்னா புக் பண்றப்பயே வீல்சேர் கேட்டுருங்க, நடக்க முடியும்னாலும் கேளுங்க, பெரிய ஏர்போர்ட்ல வழி கண்டுபுடிக்கிற வேலை மிச்சம்.

திரும்பி வர்றப்ப

நான் மொத தடவ அசிங்கப்பட்டது இதுல. அம்மா சான் பிரான்சிஸ்கோவுல வெள்ளிக்கிழமை ராத்திரி 10:50க்கு ஏறுது, நான் மனசுக்குள்ளயே கூட்டிப் பாத்து, சனிக்கிழமை சாயங்காலம் வந்துரும்னு மச்சான்கிட்ட சொல்லிட்டேன். அவரு உசிலம்பட்டியில இருந்து கார எடுத்துக்கிட்டு வந்து பெருங்குடியில ரெண்டு மணி நேரம் நின்னுட்டு போன் பண்றாரு, "என்னா மாப்ள, அத்தைய காணோம்?" டிக்கெட்ட எடுத்து பாத்தா எறங்குற நேரத்துக்கு பக்கத்துல பொடி எழுத்துல கூட்டல் குறியும் 2ம். ரெண்டு நாள் கழிச்சுன்னு அர்த்தம். வெள்ளி ராத்திரி 10:50ன்னா மதுரை மணிக்கு சனிக்கிழமை பகல் 11:20, அதோட 17 மணி கூட்டுனா சிங்கப்பூர்ல எறங்குறப்பயே நமக்கு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் 4:20 ஆயிருச்சு. அங்க காத்திருந்து, நாலரை மணி பறந்து, மதுரைக்கு வந்தப்ப ஞாயிறு சாயங்காலம். மச்சான் ரெண்டு நாளும் வந்தாரு, ஒண்ணும் சொல்லல, அக்காதான் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுது.

அதனால போறப்ப எழுதுன மாதிரியே வர்றதுக்கும் ஒரு பேப்பர் எழுதுங்க, ஏர்போர்ட்டுக்கு வர்றவங்களுக்கு நேரத்த மட்டும் சொல்லாம கெழமையும் தேதியும் சேத்து அனுப்புங்க. அமெரிக்காவுல கடிகாரத்த மாத்துற அந்த மார்ச், நவம்பர் வாரத்துல பயணம் விழுந்தா ஒரு மணி நேரத்த இன்னொரு தடவ சரி பாருங்க.

அம்மா இப்ப கையில கட்டுற வாட்ச மாத்துறதே இல்ல, போனு அமெரிக்கா நேரம் காட்டட்டும், வாட்ச் மதுரை நேரம். பேப்பர் ஹேண்ட்பேக்ல, வாட்ச் கையில. பசிபிக் மேல எங்கயோ போறப்ப பக்கத்து சீட் பையன்கிட்ட மணிய காட்டி, "எங்கூர்ல இந்நேரம் மீனாட்சி கோயில் நடை சாத்திருப்பாங்க தம்பி"ன்னு சொல்லுச்சாம்.